சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக் குழு: மெயின் ஸ்விட்ச் 30ஆ, 40ஆ?

[இரவு 8:04] மீனா: சேகர் அண்ணே, ஒரு சந்தேகம். டிபி பெட்டியில (வீட்டு மின்விநியோகப் பெட்டி) மெயின் 30 ஆம்பியர். ரெண்டு குளியலறையிலும் ஹீட்டர், ஹால்ல ஏர்கான், அதோட கெட்டிலும் போட்டா கொஞ்ச நேரத்துல மெயின் விழுது, கரண்ட் போகுது. கடையில 40 ஆம்பியர் எம்சிபி (சுமை கூடினா தானா அணையற ஸ்விட்ச்) வாங்கி மாத்தினா போதும்னு சொல்றாங்க. செய்யலாமா?

[8:09] சேகர்: வேண்டாம்மா. முதல்ல கணக்கைப் பாருங்க. உடனடி ஹீட்டர் ஒண்ணு 3,300 வாட். 230 வோல்ட்டால வகுத்தா 14.3 ஆம்பியர். ரெண்டுக்கு 28.7. கெட்டில் 2,200 வாட், 9.6 ஆம்பியர். ஏர்கான் 1,500 வாட்னு வச்சா 6.5. மொத்தம் 44.8. மெயின் 30. ஒன்றரை மடங்கு.

[8:10] மீனா: ஒன்றரை மடங்குன்னா உடனே விழணுமே? சில நாள் அஞ்சு நிமிஷம், சில நாள் அரை மணி நேரம் தாங்குதே.

[8:14] சேகர்: எம்சிபி உள்ள ரெண்டு பொறியமைப்பு இருக்கு. ஷார்ட் ஆனா காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்துல இழுத்துவிடும். சுமை கூடினா வேலை செய்றது இன்னொண்ணு, ரெண்டு உலோகம் ஒட்டின பட்டை. அது சூடாகி வளையணும். தர விதிப்படி 1.13 மடங்கு ஓடினா ஒரு மணி நேரம் விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினா ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும். நீங்க அந்த எல்லையிலதான் நிக்கிறீங்க. பெட்டி ஏற்கெனவே சூடா இருந்தா சீக்கிரம் விழும். எம்சிபி கெட்டுப்போகலை, அதோட வேலையைச் சரியாச் செய்யுது.

[8:15] சேகர்: இப்ப 40 மட்டும் மாத்தினீங்கன்னா ஸ்விட்ச் விழாது. ஆனா மீட்டர்ல இருந்து டிபி வரைக்கும் வர்ற கம்பி பழையதுதானே? வெப்பம் மின்னோட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 30ல இருந்து 40க்குப் போனா வெப்பம் 1.78 மடங்கு. பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான் கணக்குப் போட்டது. பல வருஷம் சூட்டுல கிடந்த உறை விறைச்சுப் போய் வெடிக்கும். விழ வேண்டிய ஸ்விட்ச் விழாம கம்பி வேகும். அதான் எனக்குப் பயம்.

[8:21] கோபால் ஐயா: சேகர் சொல்றது வீட்டுக்குள்ள. வெளியிலயும் ஒரு எல்லை இருக்கு. கீழ்த்தளத் துணைமின் நிலையத்துக்கு 22 கிலோவோல்ட்ல வர்ற மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர்ல 400 வோல்ட்டா இறங்கி, புளோக்கோட மெயின் ஸ்விட்ச் அறைக்குப் போய், அங்கிருந்து செங்குத்தா ஏறுது. அந்த ஏறுகம்பியில மாடிக்கு மாடி கிளை பிரிச்சுத்தான் உங்க மீட்டருக்கு வருது. எல்லா வீடும் ஒரே நேரத்துல முழு அளவும் இழுக்காதுங்கற கணக்குல போட்ட கம்பி அது. அந்தக் காலத்து வீட்ல ஏர்கான் அபூர்வம். இன்னிக்கு அறைக்கு ஒண்ணு, ஹீட்டர் ரெண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு வேற. பத்து வீட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம 40 போட்டா சுமை ஏறுகம்பி தலையில விழும்.

[8:23] மீனா: அப்போ முறையா எப்படிப் போறது ஐயா?

[8:30] சேகர்: நான் சொல்றேன்மா. 1994க்கு முன்னாடி கட்ட ஒப்புதல் வாங்கின புளோக்ல பல வீடுகள் 30 ஆம்பியர். அதனால முதல் வேலை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளை அலுவலகத்துல கேக்கணும்: நம்ம புளோக்கோட மெயின் கேபிள் 40க்கு ஏத்த மாதிரி மாத்தியாச்சா? இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்த புளோக்கா இருந்தா மின்சுமையை உயர்த்துறது அதோட அத்தியாவசிய வேலைகள்ல ஒண்ணு, குடிமக்களுக்கு அந்தச் செலவை அரசாங்கமே ஏத்துக்கும். மாத்தியாச்சுன்னா அப்புறம் உரிமம் உள்ள மின்பணியாளர். அவர் பெயர், உரிம எண்ணை எரிசக்திச் சந்தை ஆணையத்தோட இணையப் பட்டியல்ல சரிபாருங்க. மின்சார விண்ணப்பம், டிபிக்கு வர்ற மெயின் கம்பி, 40 ஆம்பியர் மெயின், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா வெட்டற ஸ்விட்ச்) எல்லாம் அவர் பொறுப்பு. முடிச்சதும் சோதனை அளவுகளை எழுத்துல கேட்டு வாங்குங்க: இன்சுலேஷன் தடை, எர்த் தொடர்ச்சி, ஆர்சிசிபி எத்தனை மில்லி நொடியில விழுதுன்னு.

[8:32] சேகர்: இன்னொண்ணு. 40 போட்டாலும் அதிகபட்சம் 9,200 வாட்தான். 30க்கு 6,900. நீங்க சொன்ன 44.8 ஆம்பியர் 40க்கும் மேலதான். ரெண்டு ஹீட்டர், கெட்டில், இந்த மூணுல ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் ஓடினா 30லயே இன்னிக்கே விழாது. வேலை முடியற வரைக்கும் அதைச் செய்ங்க.

[8:40] யூசுப்: அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். சேகர், ஒருத்தர் வீட்ல சுமையே இல்லாதப்பவும் விழுதுன்னா? ராத்திரி ரெண்டு மணி, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுது, அப்பவும்.

[8:42] சேகர்: வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். எது விழுது? டெஸ்ட் பொத்தான் இருக்கற ஸ்விட்ச்சா?

[8:42] யூசுப்: ஆமா, அதேதான்.

[8:51] சேகர்: அப்போ அது ஆர்சிசிபி. அதுக்குச் சுமை தெரியாது. போற கரண்டும் நியூட்ரல் வழியாத் திரும்புற கரண்டும் சமமான்னு மட்டும் பாக்கும். 30 மில்லிஆம்பியர் எங்கயாவது எர்த்துக்குக் கசிஞ்சா வெட்டிவிடும். 30ன்னு எழுதியிருந்தாலும் 15ஐத் தாண்டினதுமே விழ விதியில இடம் இருக்கு. ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், இன்வெர்டர் ஏர்கான் ஒவ்வொண்ணும் கொஞ்சங்கொஞ்சம் கசியவிடும், சேர்ந்து எல்லையைத் தொடும்.

தேடற முறை இது. எல்லா எம்சிபியையும் இறக்குங்க. ஆர்சிசிபியை ஏத்துங்க. விழாம நின்னா, எம்சிபியை ஒண்ணொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தும்போது விழுதோ அந்த வழியிலதான் கோளாறு. அப்புறம் அந்த வழியில இருக்கற சாமான்களை ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்டோரேஜ் ஹீட்டர் சுருள், அடுத்து வாஷிங் மெஷின், பழைய ரைஸ் குக்கர், ஃபிரிட்ஜோட பனி உருக்குற சுருள். அந்தச் சுருள் மணிக்கணக்குல ஒருதரம்தான் ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு விழறதுக்கு அது பொருந்தி வருது.

[8:53] யூசுப்: எல்லா எம்சிபியும் இறக்கின பிறகும் ஆர்சிசிபி நிக்கலைன்னா?

[8:58] சேகர்: இந்த இடத்துலதான் நிறையப் பேர் ஆர்சிசிபி கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்குறாங்க. எம்சிபி வெட்டறது லைவை மட்டும். நியூட்ரல் எங்கயாவது எர்த்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா எம்சிபி இறக்கினாலும் அந்தத் தொடர்பு அப்படியே இருக்கும். அதனால சுவர் ஸ்விட்ச்சை அணைச்சாப் போதாது, பிளக்கை உருவுங்க. ஹீட்டரோட 20 ஆம்பியர் இரட்டைத் துருவ ஸ்விட்ச் ரெண்டு கம்பியையும் வெட்டும், அதை அணைங்க. அதுக்கப்புறமும் நிக்கலைன்னா கோளாறு சுவருக்குள்ள இருக்கு, இல்லை ஆர்சிசிபியில இருக்கு. மேல மூடியைக் கழட்டாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க.

[9:00] பானு அக்கா: ஆர்சிசிபியே இல்லாத வீடும் இருக்கு. 1985 ஜூலைக்கு முந்தின வீடுகள்ல அது கட்டாயமா இல்லை. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலயும் இருந்தாகணும். வயசானவங்க தனியா இருக்கற வீட்ல நாமளே போய்ப் பாத்துடணும். டெஸ்ட் பொத்தான் இருக்கான்னு ஒரு நிமிஷம் பாத்தாத் தெரிஞ்சிடும்.

[9:01] சேகர்: மாசம் ஒருதரம் அதை அழுத்தியும் பாக்கணும் அக்கா. பல வருஷம் அசையாம இருந்தா உள்ள ஒட்டிக்கும். அழுத்தியும் விழலைன்னா இல்லாத மாதிரிதான்.

[9:07] மீனா: இன்னொரு கேள்வி ஐயா. மாடி மொத்தமும் போகாம நடுவுல சில வீட்ல மட்டும் கரண்ட் போகுமே, அது ஏன்?

[9:15] கோபால் ஐயா: நல்ல கேள்வி. ஏறுகம்பியில மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். வீடுகளை மூணு ஃபேஸுக்கும் பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. ஒரு ஃபேஸ் போனா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வீடு இருட்டாகும், பக்கத்து வீட்ல விளக்கு எரியும். அதனால காரிடார் விளக்கு எரியுதேன்னு பாத்து உங்க வீட்ல மட்டும் கோளாறுன்னு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு மூணு வீடு தள்ளியும் கேளுங்க.

[9:17] கோபால் ஐயா: இதைவிட மோசம் நியூட்ரல் அறுந்து போறது. அப்போ சுமை குறைஞ்ச வீட்ல வோல்ட்டேஜ் 230ஐத் தாண்டி ஏறும், சுமை கூடின வீட்ல இறங்கும். அடையாளம் இதுதான்: உங்க விளக்கு வழக்கத்துக்கு மீறிப் பிரகாசம், எதிர்வீட்டு விளக்கு மங்கல். பாத்த அடுத்த நொடி மெயினை அணைங்க. காரணத்தை அப்புறம் தேடலாம், டிவியும் ஃபிரிட்ஜும் அதுவரைக்கும் காத்திருக்காது.

[9:18] யூசுப்: ஐயா, விளக்கு ஒரு துடிப்பு துடிச்சு உடனே சரியாகுதே, அதுவும் இதானா?

[9:24] கோபால் ஐயா: இல்லை, அது பெரும்பாலும் வோல்ட்டேஜ் இறக்கம். நம்ம 22 கிலோவோல்ட் வலைப்பின்னல் மூடின வளையம். நிலத்தடிக் கேபிள் ஒண்ணு பழுதானா பாதுகாப்பு ரிலே அதை மட்டும் வெட்டிவிடும், மறுபக்கத்து வழியா மின்சாரம் வந்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் இங்க மின்தடை குறைவு. ஆனா வெட்டறதுக்கு முந்தின அந்தக் கணத்துல அக்கம்பக்கம் முழுக்க வோல்ட்டேஜ் இறங்கும். விளக்கு துடிக்கும், லிஃப்ட் நிக்கலாம். சாலை தோண்டறவங்க கேபிள் எங்க போகுதுன்னு பாக்காமத் தோண்டறது இதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

[9:31] மீனா: பானு அக்கா, எங்க சில்லறை மின்சார நிறுவன ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. வேற கம்பெனிக்கு மாறினா இந்த மாதிரிப் பிரச்சினைக்கு யாரைக் கூப்பிடறது?

[9:40] பானு அக்கா: அதே எஸ்பிதான் (மின்கட்டமைப்பை நடத்துற எஸ்பி குழுமம்) மீனா, 1800-778-8888, 24 மணி நேரமும். ஆனா முதல்ல சேகர் சொன்ன சோதனையைச் செஞ்சுடு. கோளாறு வீட்டுக்குள்ளன்னா நகர மன்றத்தோட அவசரப் பராமரிப்புப் பிரிவு, இல்லைன்னா மின்பணியாளர். சந்தை திறந்தப்ப மாறினது பில் அனுப்பறவர். 2018 ஏப்ரல்ல ஜூரோங்ல ஆரம்பிச்சு, நவம்பர்ல இருந்து வட்டாரம் வட்டாரமா விரிஞ்சு, 2019 மே மாசம் தீவு முழுக்க வந்துச்சு. கம்பி, துணைமின் நிலையம், மீட்டர் எல்லாம் எஸ்பி கையில. மலிவான கம்பெனிக்குப் போனதால உன் வீட்டுக்கு மட்டும் கரண்ட் நிக்காது, விலை கூடினதை வாங்கினதால கரண்ட் நல்லா வரவும் செய்யாது.

[9:42] யூசுப்: 2021 கடைசியில பல கம்பெனி மூடிட்டுப் போனாங்களே அக்கா.

[9:49] பானு அக்கா: ஆமா பாய். மின்சார மொத்த விற்பனைச் சந்தையில அரை மணி நேரத்துக்கு ஒரு விலை. நமக்கு நிலையான விலைன்னு எழுதிக் கொடுத்துட்டு, அதுக்கு ஈடா முன்கூட்டியே வாங்கி வைக்காதவங்க எரிவாயு விலை ஏறினதும் தாங்கலை. அப்பவும் ஒரு வீட்டு விளக்கும் அணையலை, வாடிக்கையாளர்கள் எஸ்பிக்கோ வேற நிறுவனத்துக்கோ போனாங்க. இழந்தது பேசி வச்ச விலையை. அதனால மீனா, காசுக் கணக்கை மட்டும் பாக்காதே. முன்கூட்டியே விலகினா எவ்வளவு கட்டணம், வைப்புத்தொகை உண்டா, முடிஞ்சதும் தானா புதுப்பிச்சா என்ன விலை, இந்த மூணையும் படி. விலையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்கான்னும் பாரு, இப்ப 9 விழுக்காடு.

[9:52] பானு அக்கா: கட்டணத்துல தள்ளுபடி தர்ற திட்டம்னா எஸ்பி விலை காலாண்டுக்கு ஒருதரம் மாற மாற உன் விலையும் மாறும். அந்த விலையோட எரிசக்திப் பங்கு முந்தின காலாண்டோட எரிவாயு விலையை வச்சுப் போடறது. இன்னிக்குச் செய்தியில எரிவாயு இறங்கினா பில்லுல தெரிய நாளாகும்.

[9:58] கோபால் ஐயா: நம்ம மின்சாரத்துல கிட்டத்தட்ட 95 விழுக்காடு எரிவாயு. 2004 ஜூன் 29ல இந்தோனீசியாவுல இருந்து வர்ற குழாயில தடங்கல் வந்தப்போ தீவுல பெரிய பகுதி இருட்டாச்சு. 2013ல ஜூரோங் தீவுல திரவ எரிவாயு முனையம் வந்ததுக்கும், 2022ல லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியா வர ஆரம்பிச்சதுக்கும் இந்த மாதிரி நாட்களும் ஒரு காரணம். 2018 செப்டம்பர் 18 நள்ளிரவுக்குப் பிறகு மின்னுற்பத்தி யூனிட்டுகள் நின்னப்போ 38 நிமிஷத்துல எல்லாம் திரும்பி வந்துச்சு.

[10:06] மீனா: ரொம்ப நன்றி ஐயா, அக்கா. சேகர் அண்ணே, இப்பப் போய்ப் பெட்டியைப் பாத்தேன். டெஸ்ட் பொத்தான் இருக்கற ஸ்விட்ச்ல 40Aன்னு இருக்கு. பக்கத்துல 0.03A. அப்போ எங்களுது ஏற்கெனவே 40தானா?

[10:09] சேகர்: இல்லைம்மா, கேட்டது நல்லதாப் போச்சு. அந்த 40 ஆர்சிசிபி தாங்கற அளவு. 0.03ங்கறது 30 மில்லிஆம்பியர் கசிவு. வீட்டோட எல்லை பக்கத்துல இருக்கற மெயின்ல எழுதினதுதான். அது 30னா 30. மூடியைத் தொடாம அந்த ரெண்டு லேபிளையும் படம் எடுத்து வைங்க, வீவக அலுவலகத்துல காட்ட உதவும்.