ராம்னியைத் தோற்கடித்தது மார்மன் மதமா? டாலஸ் பாண்டிக்கு ஒரு பதில்

கொள்ளிடம்:
நேற்று தேர்தல் இழையில் டாலஸ் பாண்டி எழுதியது இது: "2012இல் மிட் ராம்னி தோற்றதற்கு ஒரே காரணம் அவர் மார்மன் என்பதுதான். இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மதம் சரியில்லாதவர் அமெரிக்காவில் ஜனாதிபதி ஆக முடியாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதைப் பலரும் ஆஹா என்று பாராட்டியதைப் பார்த்து இன்னும் எரிச்சல். அதனால்தான் தனி இழை. தெரியாதவர்களுக்கு: மிட் ராம்னி 2012இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர். மார்மன் என்பது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவு, அதைக் கிறிஸ்தவம் என்றே பல சபைகள் ஏற்பதில்லை. இவாஞ்சலிக்கல்கள் என்றால் பைபிளையும் மனமாற்றத்தையும் அழுத்திப் பேசும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்.

வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் ராம்னிக்கு ஓட்டுப் போட்டவர்கள் 79%. இது பியூ ஆய்வு மையம் கொடுத்த கணக்கு. 2004இல் அதே கட்சியின் புஷ்ஷுக்கு விழுந்ததும் அதே 79%. புஷ் மெதடிஸ்ட், மறுபடி பிறந்த கிறிஸ்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். நடுவில் 2008இல் அந்தக் கட்சிக்காக நின்ற மக்கெய்னுக்கு 73%தான். அதாவது மார்மனுக்கு விழுந்த ஓட்டு, பாப்டிஸ்ட் சபைக்குப் போய்க்கொண்டிருந்த மக்கெய்னுக்கு விழுந்ததைவிட அதிகம். பாண்டி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

டாலஸ் பாண்டி:
கொள்ளிடம் சார், 79% என்பது ஓட்டுப் போட வந்தவர்களில் 79%. வராதவனை எவன் எண்ணினான்? நான் சொன்னதே வராதவர்களைப் பற்றித்தான். இரண்டாவது, நான் டெக்சாஸில் வசிக்கிறேன். நீங்கள் கும்பகோணத்தில் உட்கார்ந்து சதவீதம் எழுதுகிறீர்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், அதாவது சபைப் பணியில் போதகருக்கு உதவுபவர். 2008இல் வீட்டுப் புல்வெளியில் மக்கெய்ன்-பேலின் பலகை நட்டிருந்தார். கூடவே கொடி வேறு. 2012இல் பலகை இல்லை. வேலி ஓரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். இயந்திரத்தை அணைத்துவிட்டு, "இந்தத் தடவை ஜெபம்தான் செய்கிறேன்" என்றார், அவ்வளவுதான். இதே டாலஸில் முதல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், 2011 அக்டோபரில் ராம்னியோடு கட்சிக்குள் போட்டியிட்ட ரிக் பெரியை மேடையில் அறிமுகப்படுத்திவிட்டு வெளியே வந்து, மார்மன் என்பது ஒரு கல்ட் (போலிச் சபை) என்று பத்திரிகைக்காரர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். இது உங்கள் சதவீதத்தில் வருமா?

கொள்ளிடம்:
ஜெஃப்ரஸ் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதே ஜெஃப்ரஸ் 2012 ஏப்ரலில் ராம்னியை ஆதரித்தார். மார்மன் கிறிஸ்தவம் இல்லை என்ற கருத்தை மாற்றிக்கொள்ளாமலே ஆதரித்தார். பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே பாண்டி.

அக்டோபரில் ராம்னி வட கரோலைனா மலையில் இருந்த பிரபல இவாஞ்சலிக்கல் போதகர் பில்லி கிரஹாமை வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அந்த வாரமே கிரஹாம் அமைப்பின் இணையதளத்தில் கல்ட் பட்டியலில் இருந்த மார்மன் பெயர் காணாமல் போயிற்று. மதம் ஓட்டைத் தீர்மானித்ததா, ஓட்டு மதத்தை வளைத்ததா?

அப்புறம் வராதவர்கள் கதை. வாக்குச்சாவடிக் கணிப்பில் வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 2008இல் மொத்த வாக்காளர்களில் 26%. 2012இலும் 26%. கூட்டம் கூட்டமாக வீட்டில் இருந்திருந்தால் அந்த எண் சரிந்திருக்க வேண்டாமா? ராம்னி நாடு முழுக்க வாங்கிய ஓட்டு மக்கெய்னைவிட சுமார் 10 லட்சம் கூடுதல். உங்கள் டெக்சாஸிலேயே மக்கெய்ன் 55%, ராம்னி 57%. உங்கள் பக்கத்து வீட்டு டீக்கனை நான் மதிக்கிறேன். ஒரு வேலியை வைத்து ஒரு நாட்டை அளக்க முடியாது.

தூத்துக்குடி அந்தோணி:
இரண்டு பேரும் 2012ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1928ஐப் பாருங்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நியூயார்க் கவர்னர் ஆல் ஸ்மித், கத்தோலிக்கர். அவர் ரயில் ஓக்லஹோமா பக்கம் போனபோது வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான்காரர்கள் தண்டவாளத்தின் ஓரம் சிலுவைகளைக் கொளுத்தினார்கள். ஹாலண்ட் சுரங்கப்பாதை முந்தைய வருடம்தான் திறந்தது. அதன் முன்னால் ஸ்மித் நிற்கும் படத்தைப் போட்டு, போப்பாண்டவர் வாடிகனிலிருந்து வருவதற்கான ரகசிய வழி இது என்று வதந்தி பரப்பினார்கள். மனிதர் 87 எலக்டோரல் ஓட்டோடு (மாநிலவாரியாக எண்ணும் ஓட்டு) சுருண்டார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி ஹூவருக்கு 444. சொந்த மாநிலமான நியூயார்க்கே கைவிட்டது. அதுவரை ஒரு தடவைகூட குடியரசுக் கட்சிக்குப் போகாத டெக்சாஸ் அன்றைக்குப் போயிற்று. எங்கள் ஆள் ஒருவர், கென்னடி, ஜெயிக்க 1960 வரை காத்திருந்தோம். இதில் மதம் இல்லை என்று சொல்ல ஒருவருக்கு மனசு வருமா?

கொள்ளிடம்:
அந்தோணி அண்ணே, 1928ஐ நான் மறுக்கவே இல்லை. ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். அன்றைக்கு நாடு செழிப்பில் மிதந்தது. ஜனநாயகக் கட்சியில் யார் நின்றிருந்தாலும் கரை சேருவது கஷ்டம். ஸ்மித் மதுவிலக்குக்கு எதிரி, அது தனிச் சுமை. டெக்சாஸ் போனது உண்மைதான். அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா எல்லாம் அந்தக் கத்தோலிக்கருக்குத்தானே விழுந்தன? போப்பைக் கண்டாலே ஆகாத ஊர்கள் அவை. கட்சிக்காகப் போட்டார்கள். நான் இங்கே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது அதைத்தான். பொதுத்தேர்தலில் கட்சி மதத்தை விழுங்கிவிடும்.

ஆனால் இழை ராம்னியைப் பற்றியது. 79% பற்றிப் பாண்டி இன்னும் பேசவில்லை.

தூத்துக்குடி அந்தோணி:
"எங்கள் ஆள்" என்று நான் எழுதியதும் உடனே மதுவிலக்கை இழுக்கிறீர்கள். போன வருடம் திருச்சபை இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். கத்தோலிக்கர் பட்ட அவமானம் என்று வந்தால் உங்களுக்கு உடனே வேறு காரணம் கிடைத்துவிடும். 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் சங்கத்தின் முன்னால் கென்னடி நின்றாரே, ஏன் நின்றார்? கத்தோலிக்கக் கட்சியின் வேட்பாளர் இல்லை நான், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், தற்செயலாகக் கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன் என்று ஒரு மனிதன் விளக்க வேண்டியிருந்ததே. அவரை எதிர்த்து நின்ற நிக்சனை எந்தச் சபையார் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள்?

பகுத்தறிவு பாலு:
உங்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு சாமி இருக்கிறது. இல்லை என்று சொல்பவன் கதி என்ன? கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2019இல் கேட்டது: தகுதியான வேட்பாளர், உங்கள் கட்சிக்காரர், ஆனால் இன்ன பிரிவு, ஓட்டுப் போடுவீர்களா? கத்தோலிக்கருக்கு 95%, யூதருக்கு 93%, முஸ்லிமுக்கு 66%, நாத்திகருக்கு 60%. நாத்திகருக்குக் கீழே இருந்தது சோஷலிஸ்ட் மட்டும்தான், 47%. டெக்சாஸ் அரசியல் சட்டத்தில், பதவிக்கு மதச் சோதனை கூடாது, ஆனால் ஒரு பரம்பொருளை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இன்றும் எழுதியிருக்கிறது. 1961இல் உச்ச நீதிமன்றம் டொர்காசோ வழக்கில் இதுபோன்ற விதிகளை உடைத்துவிட்டது. ஆனாலும் அந்த வரியை அழிக்க ஒருவருக்கும் மனசில்லை. பாண்டி சார் ஊர்தானே, அவரே விளக்கட்டும்.

டாலஸ் பாண்டி:
பாலு, உங்கள் எண்களே எனக்குச் சாட்சி. 40% பேர் நாத்திகருக்குப் போட மாட்டேன் என்கிறார்கள். மதம் சரியில்லாதவர் ஆக முடியாது என்று நான் எழுதியதும் அதுதான். கொள்ளிடம் இதைப் பார்க்க மாட்டார்.

கொள்ளிடம்:
பார்த்தேன். கேள்விக்குச் சொல்லும் பதில் வேறு, சாவடியில் போடும் ஓட்டு வேறு. மார்மனைப் பற்றியும் இதே கேலப் கேட்டது. பலர் மாட்டேன் என்றார்கள். அப்புறம் நவம்பர் வந்தது. 79% வந்தது.

கீழக்கரையான்:
66% என்று பாலு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். 2008 அக்டோபரில் மின்னசோட்டாவில் மக்கெய்ன் கூட்டத்தில் ஒரு அம்மா மைக்கை வாங்கி, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஒரு அரபு என்றார். மக்கெய்ன் மைக்கை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன் என்றார். நாடே அவரைக் கொண்டாடியது. எனக்கு அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அரபு என்றால் நல்ல குடும்பஸ்தன் இல்லையா? புஷ்ஷின் வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் ஒருவர்தான் சில நாள் கழித்துத் தொலைக்காட்சியில் கேட்டார்: ஒபாமா முஸ்லிம் இல்லை, சரி, முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தப்பு என்று. ஆர்லிங்டன் கல்லறையில், பிறையும் நட்சத்திரமும் பொறித்த கல்லில் ஒரு தாய் தலை சாய்த்திருந்த படத்தைப் பற்றியும் பேசினார். அது ஈராக்கில் இறந்த அமெரிக்கச் சிப்பாயின் கல்லறை.

சுமதி நியூஜெர்சி:
மக்கெய்னைக் குறை சொல்வது அநியாயம். எதிராளியைக் காப்பாற்ற அந்தக் கூட்டத்தில் யார் வாய் திறப்பார்கள்? அவர் ஆட்களே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

கீழக்கரையான்:
காப்பாற்றினார் சரி. யாரிடமிருந்து காப்பாற்றினார்? என் பெயரிலிருந்து. அது உங்களுக்குப் புரியாது சுமதி.

சுமதி நியூஜெர்சி:
எனக்கா புரியாது? குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆக முயன்ற விவேக் ராமசாமி 2023 டிசம்பரில் ஐயோவாவில் தொலைக்காட்சிக் கூட்டத்தில் நின்றபோது, நீங்கள் இந்து, நம் நாட்டை நிறுவியவர்கள் மதம் அது இல்லையே என்பார்களே, என்ன சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் கத்தோலிக்கப் பள்ளியில் படித்ததையும் பத்துக் கட்டளைகளையும் சொல்லித்தான் தன் தர்மத்தை விளக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் அங்கே நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் கிடைத்தது 8% கூட இல்லை, நாலாவது இடம். நிக்கி ஹேலியும் பாபி ஜிண்டாலும் ஏன் மதம் மாறினார்கள் என்று இதற்குப் பிறகுமா கேட்க வேண்டும்?

டாலஸ் பாண்டி:
அருமை சுமதி. ஹேலி சீக்கியர் வீட்டில் பிறந்து மெதடிஸ்ட் ஆனார், கவர்னர் ஆனார். ஜிண்டால் இந்து வீட்டில் பிறந்து கத்தோலிக்கர் ஆனார், கவர்னர் ஆனார். மாறாதவர் நாலாவது இடம். இதற்கு என்ன சதவீதம் வைத்திருக்கிறார் கொள்ளிடம்?

கொள்ளிடம்:
ஜிண்டால் 2015 நவம்பரிலேயே, ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்னால் போட்டியிலிருந்து விலகினார். மதம் மாறியும்! ஹேலி ட்ரம்பிடம் வரிசையாகத் தோற்றார். மதம் மாறியும்! விவேக் இந்து என்பதால் தோற்றார் என்றால், அதே போட்டியில் இருந்த, சர்ச்சுக்குப் போகும் டிசாண்டிஸ் எதனால் தோற்றார்? ஐயோவாவில் இவாஞ்சலிக்கல் தலைவர்கள் சிலரே அவருக்காக ஊர் ஊராகப் போனார்கள். அன்றைக்கு அங்கே 51% வாங்கியவர் யார்? 2016 ஜனவரியில் லிபர்ட்டி பல்கலைக்கழக மேடையில், கொரிந்தியர் இரண்டாம் நிருபத்தின் பெயரைக்கூட சபையார் சொல்லும் விதத்தில் சொல்லத் தெரியாமல் மாணவர்கள் சிரித்தார்களே, அவர். மூன்று கல்யாணம். அவருக்கு அந்த நவம்பரில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் ஐந்தில் நாலு பேர் ஓட்டு.

இது எப்படி நடந்தது என்று நினைக்கிறீர்கள்? தனி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொறுப்பான பதவியில் நேர்மையாக இருக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ நிறுவனம் கேட்டது. 2011இல் முடியும் என்ற வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 30%. 2016இல் 72%. ஐந்தே வருடம். பைபிள் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். 1980லும் இதே கதை. ஞாயிறுப் பள்ளியில் பாடம் எடுத்த ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, விவாகரத்தானவரும் சர்ச்சுக்கு அதிகம் போகாதவருமான ரேகன் பின்னால் போனவர்கள்தான் இவர்கள்.

டாலஸ் பாண்டி:
ட்ரம்ப், ரேகன், கார்ட்டர். எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. இப்போது பிரைமரிக்கு, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலுக்கு வாருங்கள். 2012 ஜனவரி, தென் கரோலைனா. கிங்ரிச் 40%, ராம்னி 28%. கிங்ரிச்சுக்கும் மூன்று கல்யாணம்தான், 2009இல் கத்தோலிக்கராக மாறியவர். ராம்னிக்கு ஒரே மனைவி, ஐந்து பிள்ளைகள், குடிப்பழக்கம் கிடையாது, காபி கூடத் தொடாத மனிதர். அந்த மாநிலத்து இவாஞ்சலிக்கல்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, லூசியானா எல்லாம் இன்னொரு போட்டியாளர் சாண்டோரத்துக்குப் போயின. அங்கே எந்தக் கட்சி எந்த மதத்தை விழுங்கியது?

கொள்ளிடம்:
பிரைமரியில் மதம் வேலை செய்யும். அதை யார் மறுத்தது? அங்கே எல்லாரும் ஒரே கட்சி, பிரித்துப் பார்க்க வேறு அடையாளம் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியது பிரைமரியைப் பற்றி அல்ல. "2012இல் ராம்னி தோற்றதற்கு ஒரே காரணம்" என்று எழுதினீர்கள். அவர் பிரைமரியில் ஜெயித்தார் பாண்டி! தோற்றது நவம்பரில். ஒஹையோவில் கார் தொழிற்சாலை ஓட்டைப் போய்ப் பாருங்கள். டெட்ராய்ட் (கார் தொழிலின் தலைநகர்) திவாலாகட்டும் என்ற தலைப்பில் 2008இல் நியூயார்க் டைம்ஸில் அவர் பெயரில் வந்த கட்டுரையை அந்த ஊர்த் தொழிலாளி மறக்கவில்லை. 47% மக்கள் அரசாங்கத்தை அண்டி வாழ்பவர்கள் என்று பணக்காரர் விருந்தில் பேசிய காணொளி செப்டம்பரில் வெளியே வந்தது. இதில் எங்கே மார்மன்?

தூத்துக்குடி அந்தோணி:
எங்கள் சிலுவை எரிப்புக்கு மதுவிலக்கு, மார்மனுக்கு கார் தொழிற்சாலை. கொள்ளிடம் கையில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.

சுமதி நியூஜெர்சி:
கமலா ஜெயிப்பார் என்று 2024இல் பத்துப் பக்கம் எழுதியவர்தானே இவர். துளசேந்திரபுரம் கோவிலில் அபிஷேகம் நடந்த படத்தையெல்லாம் போட்டார்.

கொள்ளிடம்:
கமலா பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், கணவர் யூதர், தாய்வழித் தாத்தா துளசேந்திரபுரத்துக்காரர். அவர் தோற்றதற்கு இதில் எதையாவது காரணம் என்று நான் எழுதியிருந்தால் காட்டுங்கள். விலைவாசி என்று எழுதினேன். இன்றும் அதையே சொல்கிறேன். பேச்சை மாற்ற வேண்டாம். 26%, 79%. இரண்டில் எது தப்பு?

டாலஸ் பாண்டி:
வீட்டில் இருந்தவனை நீங்கள் எண்ணிக் காட்டும் வரை இரண்டுமே எனக்குத் தேவையில்லை. டீக்கன் இப்போதும் என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், வந்து கேளுங்கள்.

கொள்ளிடம்:
டீக்கன் கடைசியில் ஓட்டுப் போட்டாரா இல்லையா? அதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. 79% பற்றியும் சொல்லவில்லை.