ரேப்டாய்டு: கோலா, போலியா, சாயலா?

நண்பர்களே,

பெற்றோருக்கான கையேட்டில் 'ஏடிபிகல் டெரட்டாய்டு ரேப்டாய்டு' என்ற கட்டிக்கு, அதாவது சிறு குழந்தைகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் ஒரு புற்றுக்கட்டிக்கு, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதில் 'ரேப்டாய்டு'க்குச் சொல்லப்பட்ட 'கோலுருக் கட்டி' எனக்கு ஒப்பவில்லை. கிரேக்கத்தில் 'ரேப்டோஸ்' என்றால் கோல், சரி. ஆனால் இந்த உயிரணுவில் கோல் எங்கே இருக்கிறது? நுண்ணோக்கியில் தெரிவது உருண்டையான அணு. கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், பக்கத்தில் இழைகள் இளஞ்சிவப்பாய்ச் சுருண்டு பந்துபோலக் கிடக்கும். 1978-இல் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளில் இதை விவரித்தவர்களுக்கு இது வரித்தசை அணு மாதிரித் தெரிந்தது. தசையே இல்லை என்பது பிறகுதான் தெளிவானது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, சொல்லின் பொருள் கோல் அல்ல, 'தசை மாதிரி இருப்பது'.

நானும் முதலில் 'தசைப்போலி' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஐந்து அஞ்சானால் இலக்கணத்தில் போலி, அதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளையின் தாய். 'போலி' என்று பார்த்ததும் 'அப்பாடா, நிஜக் கட்டி இல்லை' என்று நினைத்துவிடுவார். உலக சுகாதார நிறுவனம் நான்காம் தரத்தில், அதாவது மிகக் கொடிய தரத்தில், வைத்திருக்கும் கட்டி இது!

என் பரிந்துரை: தசைச்சாயல் புற்றுக்கட்டி. அப்பா சாயலில் இருப்பதால் பிள்ளை அப்பாவாகிவிடுவதில்லை. ('சாயற்' என்று புணர்த்தச் சொல்வோரிடம் நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

ஸ்மார்க்-பி1 மரபணுவை வைத்தே பெயரிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலான கட்டிகளில் செயலிழப்பது அதுதான். ஆனால் சிலவற்றில் அது சரியாக இருக்கும், ஸ்மார்க்-ஏ4 கெட்டிருக்கும். அவை பெயருக்கு வெளியே நின்றுவிடும்.

பெயரில் உள்ள 'டெரட்டாய்டு' என்பதன் வேர் அரக்க உரு. அதைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். 'பல்திசுச் சாயல்' போதும்.

அப்புறம் இடப்பெயர். இந்தக் கட்டி பெரும்பாலும் மூளையில் வரும், முதுகில் வருவது மிக அரிது. 'முதுகுத்தண்டு' என்றால் எலும்பா, உள்ளே ஓடும் நரம்பு வடமா என்று தெரியாது. வடத்துக்குத் 'தண்டுவடம்' இருக்கவே இருக்கிறது. அதை வைத்து, கட்டி இருக்கும் இடத்தை வடத்துள், உறையுள், உறைப்புறம் என மூன்றாகப் பிரிக்கலாம் (உறை என்பது வடத்தைச் சுற்றியுள்ள சவ்வு). நடுவிலுள்ளது உறைக்குள், ஆனால் வடத்துக்கு வெளியே இருப்பது. 'உறையுள்' அதைச் சரியாகச் சொல்கிறதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

அறிகுறிப் பகுதியில் 'கீழுறுப்புத் தளர்ச்சி' என்றிருந்ததை அடித்துவிட்டேன். கைக்குழந்தை கால் தளர்கிறது, முதுகு வலிக்கிறது என்றா சொல்லும்? 'நடந்த பிள்ளை மறுபடி தவழ்வது, தூக்கினால் வீரிட்டு அழுவது' என்று மாற்றியிருக்கிறேன். அங்கே கலைச்சொல்லே வேண்டாம்.

'உறையுள்'ளுக்கு மாற்று தோன்றினால் எழுதுங்கள்.