ஊரில் இருக்கும் பெற்றோருக்குக் கம்ப்யூட்டர்: பழையதைத் தேற்றலாமா, வேறு வாங்கலாமா, டேப்லெட்டே போதுமா?

பள்ளத்தூர் பொண்ணு:
வணக்கம். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், அப்பச்சியும் ஆத்தாவும் (எங்கள் பக்கம் அப்பா, அம்மா) பள்ளத்தூர் வீட்டில். அப்பச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. கோயில் புள்ளி வரிக் கணக்கு இன்னும் அவர் கையில்தான், எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறார். அது போக பேங்க் ஸ்டேட்மென்ட், மெயில், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால். ஆத்தாவுக்குக் கச்சேரியும் கோயில் நேரலையும். இப்போது இருப்பது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, 18.5 இன்ச் மானிட்டர். ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். பட்ஜெட் 25,000. என்ன வாங்கலாம்?

டேப்லெட் தாசன்:
இந்த வயதில் அவர்களுக்கு எதற்கு டெஸ்க்டாப்? ஒரு பதினோரு இன்ச் டேப்லெட் வாங்கிக் கொடுங்கள். வயர் கிடையாது, வைரஸ் தொல்லை குறைவு, கரண்டு போனாலும் ஓடும். வீடியோ காலுக்கு அதைவிட வசதி ஏது?

பள்ளத்தூர் பொண்ணு:
ஆத்தாவுக்குச் சரி. ஆனால் புள்ளிக் கணக்கு என்றால் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, ஆளுக்கு ஒரு வரி கோயிலுக்குக் கட்ட வேண்டும். எந்த ஊரில் இருக்கிறார், எந்த வருஷம் கட்டினார், பாக்கி எவ்வளவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதைத் தொடுதிரையில் விரலால் தேய்க்கச் சொன்னால் அப்பச்சி பழையபடி பேரேட்டுக்கே போய்விடுவார்.

செக்காலை சர்வீஸ்:
கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கும் டெல், ஹெச்பி, லெனோவா சின்னப் பெட்டிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) கேளுங்கள். எட்டு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேலும் கேட்கும். ஆறு, ஏழு எல்லாம் இப்போது சல்லிசாக வரும், அதனாலேயே தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

தேவகோட்டை பெங்குயின்:
இருக்கும் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி, கூட 4 ஜிபி ரேம் (இதற்கு டிடிஆர்3 வேண்டும், பழையதே கிடைக்கும்), மேலே விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. லிப்ரே ஆபீஸ் எக்செல் ஃபைலைத் திறக்கும். தமிழில் தட்டச்ச தமிழ்99-ம் போட்டுக்கொள்ளலாம். சில ஆயிரத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு 25,000?

செக்காலை சர்வீஸ்:
தம்பி, நீங்கள் சொல்வது உங்கள் மேசையில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஐயாவுக்குப் பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் பள்ளத்தூரில் யாரைக் கூப்பிடுவார்? பக்கத்து வீட்டுப் பையனுக்கும் விண்டோஸ்தான் தெரியும். எக்செல்லைத் திறக்கும், சரி. அவர் வருஷக்கணக்காகப் பழகிய மெனு அங்கே இருக்காதே.

தேவகோட்டை பெங்குயின்:
கடை வைத்திருப்பவர் பெட்டி வாங்கச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை அண்ணே. நம்ம பக்கம் பாதிக் கடையில் போட்டுத் தருவது திருட்டு விண்டோஸ். அதில் பேங்க் வேலை பார்க்கச் சொல்கிறீர்களா?

செக்காலை சர்வீஸ்:
விண்டோஸோடு வந்த கம்பெனிப் பெட்டிக்கு லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். புதிதாக இன்ஸ்டால் செய்து இன்டர்நெட்டில் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகும். வாங்கும்போது செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள், என் கடையாக இருந்தாலும்.

ஓய்வூதியர் 68:
நான் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், காரைக்குடிதான். மேலே எல்லாரும் பெட்டிக்குள் இருப்பதையே பேசுகிறீர்கள். "இந்த வயதில் எதற்கு" என்று தாசன் தம்பி ஆரம்பித்ததைப் படித்ததும் ரத்தம் கொதித்தது, அதை விடுவோம்.

எங்களுக்குக் கஷ்டம் கொடுப்பது மானிட்டர். 18.5 இன்ச் என்றால் அநேகமாக 1366x768. எழுத்தைப் பெரிதாக்கினால் பேங்க் பக்கத்தில் கீழே இருக்கும் 'சமர்ப்பி' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். நாங்கள் முழிப்போம், நீங்கள் "அப்பாவுக்குப் புரியவில்லை" என்பீர்கள். 24 இன்ச், 1920x1080 வாங்கி எழுத்தை 125 சதவீதத்தில் வையுங்கள். வளவு (நடுமுற்றம்) வெளிச்சம் எதிரே அடிக்கும் வீடு என்றால் பளபளப்பு இல்லாத திரை. பெட்டிக்கு அத்தனையும் கொடுத்துவிட்டு மானிட்டரில் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

அப்புறம் கண்ணாடி. பைஃபோகல் போட்டவன் கீழ்ப் பாதி வழியாகத்தான் கிட்டத்தில் படிப்பான். மானிட்டர் உயரத்தில் இருந்தால் தலையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டைக் கூடுமானவரை இறக்குங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போடட்டும். மவுஸ் வயர் வைத்ததே போதும். டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டம் வரும்படி ஒரு வசதி இருக்கிறது, மவுஸ் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

தேவகோட்டை பெங்குயின்:
ஐயா, இதெல்லாம் மின்ட்டிலும் உண்டு.

ஓய்வூதியர் 68:
இருக்கட்டும் தம்பி. உண்டு என்பது வேறு, யார் வந்து வைத்துக் கொடுப்பார்கள் என்பது வேறு.

டேப்லெட் தாசன்:
ஐயா மன்னிக்கணும், அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் மோசடியை நினைத்துப் பாருங்கள். போலீஸ் என்று போன் செய்து, டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி, ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்லித் திரையையே எடுத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் என்றால் அதற்கு வழி இன்னும் அகலம்.

ஓய்வூதியர் 68:
அந்தப் போன் கால் டேப்லெட் வைத்திருப்பவனுக்கும் வரும். அப்பச்சிக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு போடுங்கள். பாஸ்வேர்டு மகளிடம் இருக்கட்டும். புதிதாக எதையும் நிறுவ அது கேட்கும். தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே குவிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் ஒரு குறியீட்டு எண் கொடுத்து அவர் அனுமதித்தால்தான் திரை தெரியும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழையும்படி எந்த ஆப்பையும் திறந்து வைக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். ஓய்வூதிய ஆயுள் சான்றிதழ் போன்றவற்றுக்குப் போனே போதும், அரசின் ஜீவன் பிரமாண் முகத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்கிறது. அதற்காகக் கைரேகைக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

பள்ளத்தூர் பொண்ணு:
நன்றி ஐயா. இன்னொன்று: ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள்ளே தள்ளி இரண்டாம் கட்டில். வைஃபை பாதி வழியிலேயே செத்துவிடுகிறது. கரண்டு போகும்போது இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்து எழுகிறது. புது மினி பிசி வாங்கினால் சரியாகுமா? இன்டெல் என்100 சிப் போட்டது நல்லது என்கிறார்கள்.

செக்காலை சர்வீஸ்:
என்100 நல்லதுதான். கரண்டு மிகக் குறைவு, சத்தமும் இருக்காது, உங்கள் வேலைக்குத் தாராளம். ஆனால் பெயர் தெரியாத பிராண்டு என்றால் பழுதுக்கு கூரியர் அனுப்ப வேண்டிவரும்.

நீங்கள் சொன்ன இரண்டுக்கும் கம்ப்யூட்டர் காரணமே இல்லை. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பல வீடுகளில் அது எக்கோ பக்கமே கிடக்கும். அதைத் தள்ளிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. வைஃபைக்கு அந்தக் கனத்த சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்கும் வீட்டுக்கும் அநேகமாகப் போதும். கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள், சுண்ணாம்புப் பூச்சில் துளை போட விடாதீர்கள்.

பழைய பெட்டி எடுத்தால் உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரியை, சிஆர்2032, மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். உடனே பேங்க் தளம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டும், வீட்டில் எல்லாரும் வைரஸ் என்று பயப்படுவார்கள்.

பள்ளத்தூர் பொண்ணு:
அப்படியென்றால் எட்டாம் தலைமுறைப் பெட்டியும் புது 24 இன்ச்சும் எடுக்கிறேன். பழையதைப் பெங்குயின் அண்ணன் சொன்ன மாதிரி மின்ட் போட்டு ஆத்தாவின் கச்சேரிக்கு வைக்கலாமா?

தேவகோட்டை பெங்குயின்:
தாராளமாக. அங்கேயாவது லினக்ஸ் ஓடட்டும்.

செக்காலை சர்வீஸ்:
இரண்டு மெஷின், இரண்டு மாதிரி. போன் எனக்குத்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சரி, அந்த ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? அவ்வளவு மெதுவாக எழுவது டிஸ்க் சாகப் போவதாலும் இருக்கலாம். புள்ளிக் கணக்குக்கு வேறு காப்பி இருக்கிறதா?

பள்ளத்தூர் பொண்ணு:
இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். சத்தம் வருகிறதாம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். எனக்கு மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஆன் ஆகிக்கொண்டிருக்கிறது.