ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு, ரீபூட் பண்ண முடியாது, கன்சோலை (எழுத்து மட்டும் வர்ற ஸ்க்ரீனை) எப்படி திரும்ப வரவைக்கிறது?

கல்யாண_வீடியோ:
வணக்கம் எல்லாருக்கும், அவசரம். சுபுண்டு லினக்ஸ், லைட்டிஎம்ங்கிற லாகின் ஸ்க்ரீன் ப்ரோகிராம்ல லாகின் ஆகுற பழைய டெஸ்க்டாப். மத்தியானத்துல இருந்து வால்பேப்பரும் மவுஸ் அம்பும் அப்படியே நிக்குது, கேப்ஸ்லாக் லைட் கூட எரியல, கன்சோலுக்கு மாற கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 நூறு தடவை அமுக்கிட்டேன். ஆனா போன்ல இருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா லாகின்) போகுது. அதுல மூணாவது கன்சோலுக்கு மாத்துற சூடோ சிஎச்விடி 3 அடிச்சா ப்ராம்ப்ட் திரும்பவே வரல, அங்கயே தொங்குது. டிமக்ஸ்க்குள்ள (கனெக்ஷன் போனாலும் வேலையை ஓடவைக்கிற ப்ரோகிராம்) ஒரு கல்யாண வீடியோ 11 மணி நேரமா ரெண்டர் ஆகிட்டிருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு காலைல வராங்க, அதனால ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க.

சும்மா_வந்தேன்:
ஆல்ட் + பிரிண்ட்ஸ்க்ரீன் பிடிச்சுக்கிட்டு ஆர் ஈ ஐ எஸ் யு பி ஒவ்வொண்ணா அடிங்க ப்ரோ, சரியாயிடும்.

கல்யாண_வீடியோ:
ஐயோ அந்த கடைசி பி-யே ரீபூட் தானே ப்ரோ!! ஈ வேலை செஞ்சாலே எல்லா ப்ரோகிராமும் மூடி ரெண்டர் செத்துடும்.

பழைய_டெர்மினல்:
தம்பி அதை கேக்காதீங்க. வெறும் ஆர் நல்ல சாவிதான், கீபோர்டை எக்ஸ் (டெஸ்க்டாப்பை ஸ்க்ரீன்ல வரையுற ப்ரோகிராம்) கைல இருந்து புடுங்கி லினக்ஸோட மையமான கெர்னல்கிட்ட கொடுக்கும், ஆனா உபுண்டு குடும்பத்துல சிஸ்ஆர்க்யூ (இந்த ஆல்ட் பிரிண்ட்ஸ்க்ரீன் சாவிகள்ல எதெது வேலை செய்யணும்னு சொல்ற செட்டிங்) மதிப்பு டிஃபால்ட்டா 176, அதாவது 128+32+16, கீபோர்டுக்கான 4 அதுல இல்ல, அதனால ஆர் அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. அதோட உங்க கேஸ்ல கீபோர்டு வந்தாலும் பத்தாது. சிஎச்விடி ஏன் தொங்குதுன்னா, டிடிஒய்7-ஐ (ஏழாவது கன்சோலை) எக்ஸ் வச்சிருக்கு, கெர்னல் அதுகிட்ட "இடத்தை விடுறியா"ன்னு சிக்னல் அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்கு, எக்ஸ் உயிரோட இருக்கு ஆனா வாய் திறக்கல. வீட்டுக்காரர் தூங்கிட்டார், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் கதைதான்.

டிமக்ஸை எங்க இருந்து ஆரம்பிச்சீங்க?

கல்யாண_வீடியோ:
போன்ல இருந்துதான் அண்ணா, எஸ்எஸ்எச் வழியா.

பழைய_டெர்மினல்:
அப்ப பயமில்ல. எக்ஸை மட்டும் கில் பண்ணா லைட்டிஎம் உடனே இன்னொண்ணை கிளப்பிடும், அதனால சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் லைட்டிஎம். ஒன்றரை நிமிஷம் வரைக்கும் இழுக்கும், அந்த 90 செகண்டும் பொறுங்க, எக்ஸ் சொன்னா கேக்கலைன்னா சர்வீஸ்களை நடத்துற சிஸ்டம்டியே கில் 9 (கட்டாயமா கொல்றது) போடும். அப்புறம் திரும்ப சிஎச்விடி 3.

கல்யாண_வீடியோ:
ஸ்டாப் முடிஞ்சுது, ஆனா வால்பேப்பர் போயி இப்ப கும்மிருட்டு, கர்சர் கூட இல்ல, கேப்ஸ்லாக் இன்னும் செத்தே கிடக்கு. கை நடுங்குது அண்ணா.

கல்யாண_வீடியோ:
சிஎச்விடி 3 அடிச்சேன்!!! ஒரு செகண்ட் கழிச்சு "லாகின்:" வந்துடுச்சு. கேப்ஸ்லாக் எரியுது. கண்ட்ரோல் ஆல்ட் எஃப்4 கூட போகுது. நடுவுல ஏன் இருட்டாச்சு?

பழைய_டெர்மினல்:
எக்ஸ் கிளம்பும்போது அந்த டிடிஒய்யை கிராபிக்ஸ் மோடுக்கு மாத்தி, கீபோர்டையும் கன்சோலுக்கு இல்லாம அடைச்சுடும். ஒழுங்கா வெளிய போனா ரெண்டையும் பழையபடி வச்சுட்டு போகும். கில் 9 வாங்கினா அதுக்கு நேரமே கிடைக்காது, கிராபிக்ஸ் மோடுல கெர்னல் எழுத்து வரையாது, அதான் இருட்டு. சிஎச்விடி அடிச்சதும் கெர்னல் டிடிஒய்7 ஓனரை தேடிப் பாக்குது, ஆள் செத்துட்டான், சரின்னு தானே டெக்ஸ்ட் மோடுக்கு இறக்கி விட்டுடுது. மொதல்லயே எக்ஸுக்கு கில் 9 போடக்கூடாதுன்னு நாங்க கத்துறது இதுக்குத்தான், சும்மா கில்லே போதும், அப்புறம்தான் 9.

இரவுப்பணி:
எனக்கு ஒருதடவை டெக்ஸ்ட் வந்துச்சு ஆனா டைப் பண்ணது ஸ்க்ரீன்ல தெரியல, கண்ணை மூடிக்கிட்டு ரீசெட்னு அடிச்சு என்டர் தட்டினேன், சரியாச்சு. எழுத்து கோணலா வந்தா செட்ஃபாண்ட். முன்னாடி எக்ஸை மூட கண்ட்ரோல் ஆல்ட் பேக்ஸ்பேஸ் ஒண்ணு போதும், 2009ல எக்ஸ் சர்வர் 1.6 வந்தப்ப அதை டிஃபால்ட்டா எடுத்துட்டாங்க, இன்னும் எனக்கு வயித்தெரிச்சல்.

பழைய_டெர்மினல்:
வேலை முடிஞ்சதும் சிஸ்கண்ட்ரோல்ல சிஸ்ஆர்க்யூவை 1 (எல்லா சாவியும் வேலை செய்யும்) ஆக்கி வைங்க தம்பி, ஆனா கடைல பசங்க கண்ட சாவியையும் அமுக்குவாங்கன்னா 176ஏ இருக்கட்டும்.

கல்யாண_வீடியோ:
டிமக்ஸ் உள்ள போய் பாத்தேன், ஃப்ரேம் நம்பர் ஓடிட்டேதான் இருக்கு, இப்ப முகூர்த்தம் முடிஞ்சு பந்தி கிட்ட வந்திருக்கு. காலைல வரைக்கும் லைட்டிஎம் பக்கமே போகல அண்ணா, கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்தை பாத்துக்கிட்டே டீ குடிக்கிறேன்.