பழைய டிராம் வண்டிகளில் தன்னார்வப் பணி: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

கானாடுகாத்தான் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் டெர்பி நகருக்குச் செல்லவிருக்கிறேன். அருகிலுள்ள கிரிச் என்னும் ஊரில், பழைய டிராம்களை ஓடும் நிலையிலேயே காத்துவரும் தேசிய டிராம்வே அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அறிந்தேன். எங்கள் ஐயாவின் அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்தில் டிராமில் ஏறித்தான் கடைக்குப் போய்வந்தார் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் படித்தது வணிகவியல். என்னைப் போன்றவனுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

தேவகோட்டைக்காரன்:
தம்பி, பணி நிமித்தம் இங்கிலாந்தில் இருந்தபோது ஆறு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அங்கே போய்வந்தவன் என்பதால் எழுதுகிறேன். அந்த இடம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியாக இருந்தது. 1948இல் சவுத்தாம்ப்டன் நகரின் 45ஆம் எண் வண்டியைப் பத்துப் பவுண்டுக்கு ஆர்வலர்கள் வாங்கியதுதான் அனைத்துக்கும் தொடக்கம்; 1955இல் சங்கம் அமைத்து, 1959இல் இந்தக் குவாரிக்கு வந்து, தண்டவாளத்தைத் தாங்களே பதித்தார்கள். 1964இலிருந்து மின்சார டிராம் ஓடுகிறது.

எனக்கு முதலில் கொடுத்த வேலை உப்புத்தாள் தேய்ப்பது. ஒரு சன்னல் சட்டத்தைப் பல வாரங்கள் தேய்த்தேன். வார்னிஷ் ஒரு பூச்சு காய்ந்ததும் மெல்லத் தேய்த்து, மறுபூச்சு பூசி, மறுபடியும் தேய்க்க வேண்டும். பிறகு நடத்துநர் வேலை. நுழைவுச்சீட்டோடு தரப்படும் பழைய பென்னி நாணயத்தைப் பயணி நம்மிடம் நீட்ட, நாம் டிக்கெட் கொடுப்போம். மணியை ஒரு முறை அடித்தால் நிற்க வேண்டும், இரு முறை அடித்தால் கிளம்ப வேண்டும். வரவு செலவு தெரிந்த பிள்ளைக்கு இது கடினமே அல்ல.

ஓட்டப் பழகியதுதான் மறக்க முடியாதது. கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பும்போது இரண்டு மோட்டார்களும் முதலில் தொடர் இணைப்பிலும், பின்னர் பக்க இணைப்பிலும் வேலை செய்யும். இடைப்பட்ட படிகளில் மின்சாரம் மின்தடைகளின் வழியே போவதால், அங்கே நெடுநேரம் நிறுத்திவைத்தால் அவை சூடேறிவிடும். மழையில் தண்டவாளம் வழுக்கினால் மணல் தூவ வேண்டும். கடைசி நிறுத்தத்தில் மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைமேலுள்ள கோலை நீண்ட மூங்கில் கழியால் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பி மீண்டும் அக்கம்பியில் பொருத்த வேண்டும். முதல் முயற்சியில் நான் கம்பியைத் தவறவிட்டுத் தவித்ததை, ஒரு வண்டிப் பயணிகளும் பொறுமையாக, சற்று அதிக ஆர்வத்தோடு, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரைக்குடி பழம்பொருள் வணிகன்:
இதற்காக இங்கிலாந்துதானா போக வேண்டும்? சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. கொல்கத்தாவில் 1938ஆம் ஆண்டு வண்டி ஒன்றையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. முனீசுவரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் நிலைக்கதவையும் தூணையும் தனித்தனியே விற்றுப் பிழைப்பவன் நான். ஓடும் டிராமின் இற்றுப்போன பலகைகளை மாற்றிய பிறகும் அதைப் பழைய வண்டி என்று எப்படிச் சொல்வது?

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, கொல்கத்தா வண்டியை நானும் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அது நின்ற இடத்தில் நிற்கிறது, இத்தம்பி கேட்பதோ ஓடும் வண்டியைப் பற்றி. ஓடினால் சக்கரம் தேயும், மரம் இற்றுப்போகும். மாற்றித்தான் ஆக வேண்டும். எதை எப்போது மாற்றினோம் என்பதைக் குறித்து வைப்பதும் வேலையில் ஒரு பகுதி. நம் வீடுகளில் ஓடு மாற்றாமலா இருக்கிறோம்? பூட்டியே கிடக்கும் வீட்டில்தான் முதலில் கரையான் ஏறுகிறது.

தம்பிக்கு ஒன்று: மாணவர் விசாவில் சிலவகைத் தன்னார்வப் பணிகள் வாராந்திர வேலை நேரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே பல்கலைக்கழக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் மாணவன்:
மிக்க நன்றி ஐயா. எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு வேலை பார்க்கும் ஆசாரியிடம், கிளம்புவதற்கு முன் இழைப்புளி பிடிக்கவாவது கற்றுக்கொள்கிறேன். பட்டறைக்கு வேண்டிய பூட்ஸை இங்கிருந்தே வாங்கிச் செல்லலாமா?

தேவகோட்டைக்காரன்:
வேண்டாம், பெட்டியில் எடைதான் கூடும். அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்; உள்ளே கனமான காலுறைக்கும் இடம் விட்டு ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள்.