நாய் வேண்டாம்னு சொன்ன அப்பா, அம்மா: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

மாடிப்படி:

நாலு வருஷமா அப்பாகிட்ட கேட்டுட்டு இருக்கேன். எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். காலையில யார் வெளிய கூட்டிட்டுப் போறது, யார் குளிப்பாட்டறது, எல்லாரும் வெளியூர் போனா யார்கிட்ட விடறதுன்னு நோட்டுல எழுதிக் காட்டினேன். தடுப்பூசி அட்டவணைகூட வரைஞ்சு வெச்சேன். அவர் ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினதே இல்ல. "வேண்டாம்மா"ன்னு ஒரே வார்த்தை. போன மாசம் பேச்சு முத்திப்போய் "உங்களுக்கு மனசுல ஈரமே கிடையாதுப்பா"ன்னு சொல்லிட்டேன்.

அதுக்கு மூணாம் நாள் நடந்ததுதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பக்கத்து வீட்டு நாய், வயசானது, கண்ணுகூட சரியாத் தெரியாது, திறந்திருந்த கதவு வழியா உள்ள வந்துடுச்சு. அப்பா நாற்காலியில பேப்பர் படிச்சுட்டு இருந்தார். அது அவர் பக்கம் போகவே இல்ல. மூலையை மோந்து பார்த்துட்டு நின்னுச்சு. திரும்பிப் பார்த்தா, அப்பா ரெண்டு காலையும் நாற்காலி மேல தூக்கி வெச்சிருந்தார். கால்விரல் பத்தும் உள்பக்கமா மடங்கி இருந்துச்சு. பேப்பர் மட்டும் முகத்துக்கு நேரா, அசையாம.

நாயை வெளிய விட்டுட்டு வந்தேன். பேப்பரை இறக்காமலே கேட்டார்: "கடிச்சா இப்பவும் தொப்புளைச் சுத்தித்தான் ஊசி போடறாங்களா?"

அவருக்கு 58 வயசு. ஒன்பது வயசுல கடி வாங்கி, 14 நாள் தொடர்ந்து வயித்துல ஊசி போட்டிருக்காங்க. அம்மாவுக்கே இது தெரியாது. செலவு, சுத்தம், நேரம்னு அவர் கேக்காத கேள்விக்கெல்லாம் நான் நாலு வருஷமா பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

உங்க வீட்டு "வேண்டாம்"க்கு அடியிலயும் வேற ஏதாவது இருந்துச்சா?


ஈரத்தரை:

எங்க அம்மா எதுக்கு வேண்டாம்னு சொன்னாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது, கேட்டதே இல்ல. பன்னெண்டு வயசுல ஒரு குட்டியைப் பள்ளிக்கூடப் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். கண்ணு திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒரு மாசத்துக்கு மேல இருக்காது. எட்டு வாரமாவது தாய்கூட இருக்கணும்னு அப்ப யாரும் எனக்குச் சொல்லல.

நாலாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி. பார்வோன்னு குட்டிகளுக்கு வர்ற வைரஸ் நோய்.

ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுப் பார்த்தா விளக்கு எரியுது. நாய் பக்கத்துல வந்தாலே ஒதுங்கிப் போற அம்மா, மண்டி போட்டுத் தரையில பிளீச்சிங் தண்ணி ஊத்தித் தேய்ச்சுட்டு இருந்தாங்க. குட்டி பழைய துண்டுல சுருண்டு கிடந்துச்சு. திட்டு விழும்னு நின்னுட்டு இருந்தேன். "அதுக்கு வலிக்குது, பக்கத்துல வந்து உக்காரு"ன்னு மட்டும் சொன்னாங்க. விடியறதுக்குள்ள போயிடுச்சு.

அந்தக் கிருமி மாசக்கணக்குல வீட்டுல தங்கும், தடுப்பூசி முடிக்காத வேற குட்டியை இப்போதைக்குக் கொண்டு வராதீங்கன்னு வெட் டாக்டர் சொன்னார். அம்மா தலையாட்டிக்கிட்டாங்க. அவங்க "இனிமே கேக்காத"ன்னு சொல்லல, நானா நிறுத்திட்டேன். கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்களோன்னு இத்தனை வருஷம் கழிச்சும் தோணும்.


நேர்ப்பேச்சு:

ஈரத்தரை, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனா அது நோயால வந்தது, சொல்லாம கொண்டு வந்ததால இல்ல. கேட்டுட்டே இருந்தா சில வீட்டுல ஆயுசுக்கும் கிடைக்காது. எங்க அப்பாவும் அப்படித்தான். அண்ணனும் நானும் சொல்லாமலே கொண்டு வந்தோம். மறுநாள் காலையில அவர் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தார். குட்டி அவரோட செருப்பு மேல தூங்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சார், கையை நீட்டினார், அப்புறம் கையைப் பின்னால இழுத்துக்கிட்டார். உள்ள போய் வார் அறுந்த பழைய செருப்பைத் தேடிப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். எங்க வீட்டுல சம்மதம்னா அதுதான்.

மாடிப்படி, பயத்துக்கு மருந்து நாய்தான். கொண்டு வந்துடுங்க, பழகிடுவார்.


நடைத்துணை:

நேர்ப்பேச்சு, தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க. உங்க அப்பாவுக்குப் பிடிக்காமதான் இருந்துச்சு, பயம் இல்ல. ரெண்டும் ஒண்ணு கிடையாது. பயந்தவங்க வீட்டுல திடீர்னு நாயைக் கொண்டு வந்து விட்டா, அவங்க வீடே அவங்களுக்குப் பாதுகாப்பில்லாத இடமாயிடும்.

எங்க அம்மாவுக்கும் இந்தப் பயம்தான். ஒரு வருஷம் ஆச்சு, இப்ப நாயை மடியில தலை வெச்சுக்க விடறாங்க. என் கதை அவ்வளவுதான். என்ன செஞ்சோம்னு சொல்றேன்.

பயப்படறவங்களுக்குக் குட்டி நாய் வேண்டவே வேண்டாம். மூணு மாசத்துல பால் பல் விழ ஆரம்பிச்சு, ஆறு ஏழு மாசம் வரைக்கும் பல் மாறிட்டே இருக்கும். அந்தக் காலத்துல குட்டி கை, கால், துணி எதைப் பார்த்தாலும் கவ்வும். விளையாட்டுதான், ஆனா கடி வாங்கின அனுபவம் உள்ளவருக்கு அது விளையாட்டாத் தெரியாது. நாலஞ்சு வயசான, அமைதியான, மனுஷங்களோட இருந்து பழகின நாயா பாருங்க.

முதல்ல தூரத்துல இருந்து. நாய் படுத்திருக்கட்டும், உங்க அப்பா எவ்வளவு தள்ளி உக்காந்தா கால்விரல் மடங்காதோ அவ்வளவு தள்ளி உக்காரட்டும். கிட்டப் போறதா வேண்டாமான்னு முடிவு செய்யறது அவர்தான், நாயும் இல்ல, நீங்களும் இல்ல. பத்து நிமிஷம் போதும், அவர் நல்லா இருக்கும்போதே முடிச்சுடுங்க. "ஒண்ணும் செய்யாதுப்பா, தொடுங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. அந்த ஒரு இழுப்புல மூணு மாச உழைப்பு போச்சு எங்களுக்கு.

நாயோட உடம்பு என்ன சொல்லுதுன்னு கத்துக் கொடுங்க. வால் ஆட்டினா சந்தோஷம்னு மட்டும் எடுத்துக்கக் கூடாது, உடம்பு விறைச்சுக்கிட்டு வால் ஆடினா அது பதற்றமாவும் இருக்கலாம். தூக்கம் வராதப்ப கொட்டாவி விடறது, உதட்டை நக்கறது, முகத்தைத் திருப்பிக்கறது எல்லாம் "எனக்கு இது பிடிக்கல, தள்ளிப் போ"ன்னு அது சொல்ற விதம். அம்மாவுக்கு இது புரிஞ்ச அன்னைக்குத்தான் பாதி பயம் இறங்குச்சு. அதுவரைக்கும் நாய்னா எப்ப என்ன செய்யும்னே தெரியாத ஒண்ணு அவங்களுக்கு.

அவர் கேட்ட ஊசிக் கேள்விக்கு நேரா பதில் சொல்லுங்க. வயித்துல போட்டது பழைய வகை மருந்து, விலங்கோட மூளைத் திசுவுல இருந்து செஞ்சது. 1984ல இருந்தே உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிட்டு வருது. இப்ப இருக்கறது செல் வளர்ப்புல செஞ்ச மருந்து. பெரியவங்களுக்குப் புஜத்துல போடுவாங்க. வழக்கமான ஒரு முறையில 0, 3, 7, 14, 28ம் நாள்னு அஞ்சு ஊசி, அதைவிடக் குறைஞ்ச முறையும் உண்டு. கடி ஆழமா இருந்தா காயத்துலயே போடற மருந்து தனியா இருக்கு. எதுக்கும் முன்னாடி காயத்தை ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சேன்னு கடிச்சா சும்மா இருந்துடக் கூடாது, டாக்டரைப் பார்த்தே ஆகணும். நோய் அறிகுறி வந்துட்டா ரேபீஸுக்கு அநேகமா பிழைப்பே இல்ல. அதனால உங்க அப்பாவோட பயத்தை வீண் பயம்னு யாரும் சொல்ல முடியாது.


சன்னலோரம்:

என்னோடது வேற மாதிரி. எங்க அம்மா சம்மதிச்சாங்க. அதுதான் என்னை உறுத்துது.

அவங்களுக்கு இழுப்பு உண்டு, ஆஸ்துமா. அதைச் சொல்லித்தான் மறுத்தாங்க. "இந்த இனத்துக்கு முடியே கொட்டாது, அலர்ஜி வராது"ன்னு எங்கயோ படிச்சதை வெச்சு மாசக்கணக்கா வாதாடினேன். அலர்ஜி முடியால வர்றதில்ல. தோல்ல இருந்து உதிர்ற பொடுகு, எச்சில், சிறுநீர் இதுல எல்லாம் இருக்கற புரதத்தாலதான் வருது, எல்லா நாய்கிட்டயும் அது உண்டு. எனக்கு அப்ப தெரியல. அம்மா என் வார்த்தையை நம்பினாங்க.

நாய் வந்து ஏழாம் மாசம், படுக்கை விரிப்பு மாத்தும்போது அம்மாவோட தலையணை உறைக்குள்ள கை போச்சு. ரெண்டு இன்ஹேலர், ஒண்ணு காலி. மேசை டிராயர்ல ஒண்ணு எப்பவும் இருக்கும், அதை எண்ணிப் பார்த்து எனக்குத் தெரிஞ்சுடக் கூடாதேன்னு தனியா வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ராத்திரியில நான் தூங்கினப்புறம் எழுந்து உக்காந்து மூச்சு வாங்கியிருக்காங்க.

நாயை அத்தை வீட்டுல விட்டோம், நல்லா இருக்கு. வாரா வாரம் போய்ப் பார்க்கறேன். "நான் தாங்கிக்குவேன்டி, எதுக்கு அனுப்பின?"ன்னு அம்மா இன்னும் கேக்கறாங்க. சம்மதம் வாங்கறது எப்படின்னு கேக்கற எல்லாருக்கும் சொல்றேன்: நாய் வர்றதுக்கு முன்னாடி, நாய் இருக்கற ஒரு வீட்டுல உங்க அம்மா அப்பா ரெண்டு மூணு தடவை சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். இழுப்பு இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு.


பழைய கழுத்துப்பட்டை:

நான் மறுக்கிற பக்கம் நிற்கிறவள். என் மகளுக்குப் பத்து வயது. தினமும் கேட்கிறாள்.

போன வாரம் அவள் வகுப்பு ஆசிரியையிடம் "எங்க அம்மாவுக்கு நாய்னாலே பிடிக்காது மிஸ்" என்று சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். எதுவும் சொல்ல வாய் வரவில்லை. பதின்மூன்று வருடம் ஒரு நாயை வளர்த்தவள் நான். கடைசி நாட்களில் அதற்குப் பின்னங்கால் வரவில்லை. கால்நடை மருத்துவரின் மேசையில் ஊசி போடும்போது அதன் தலை என் உள்ளங்கையில் இருந்தது. மூச்சு நின்ற பிறகும் அந்தக் கனம் அப்படியே இருந்தது. அப்போது இவள் பிறக்கவில்லை. அதன் கழுத்துப்பட்டை என் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அவளுக்குக் காட்டியதில்லை.

நடைத்துணை, நீங்கள் சொன்னதெல்லாம் நல்ல தகவல்தான். ஆனால் மாடிப்படி நாயைப் பழக்குவது எப்படி என்று கேட்கவில்லை. "வேண்டாம்" என்பதற்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டாள். என் வீட்டில் இருந்தது இது. இங்கே எழுதும்போதுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன்.


ஈரத்தரை:

நேர்ப்பேச்சு, சொல்லாம கொண்டு வந்ததால இல்லன்னு சொன்னீங்க. சொல்லியிருந்தா அம்மா முதல் நாளே குட்டியை வெட் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நான் ரெண்டு நாள் மாடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். அந்த ரெண்டு நாள்தான் என் கணக்குல இருக்கு.


நேர்ப்பேச்சு:

அது எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோங்க. ஆனாலும் என் அப்பாவுக்கு அதுதான் சரியா இருந்துச்சு, அதை மாத்திச் சொல்ல முடியாது.


மாடிப்படி:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கழுத்துப்பட்டை அக்கா, உங்களுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல, நெஞ்சு அடைச்சுப் போச்சு.

நேத்து ராத்திரி அப்பாகிட்ட நாயைப் பத்தி எதுவும் பேசல. அந்த 14 நாளைப் பத்தி மட்டும் கேட்டேன். தாத்தா வேலைக்குப் போயிடுவாராம். இவரே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், வரிசையில நின்னு, சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்குவாராம். ஆறாம் நாள்ல இருந்து வயிறு வீங்கி, குனிய முடியாம இருந்ததாம். "நாய் கடிச்சது எனக்கு ஞாபகமே இல்லம்மா, வரிசைதான் ஞாபகம்"னார்.

இப்ப கையிலதான்ப்பா போடறாங்க, அஞ்சு நாள்தான்னு சொன்னேன். எந்தெந்த நாள்னு கேட்டார். சொன்னேன். "எழுதிக் கொடு"ன்னார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படிச்சுப் பார்த்துட்டு, நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "ஈரமே இல்ல"ன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல, போய்த் தூங்கு"ன்னார்.