அம்மாவின் அறையில் பூஞ்சணம், அம்மாவுக்கு ஆஸ்துமா: ஃப்ளூ பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது?

முடிச்சூர் மகள் எழுதியது:

எங்களுடையது முடிச்சூரில் உள்ள தரைத்தள வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு நீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அம்மாவின் அறையில் வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர்கிறது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்புறம் முழுவதும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு 67 வயது. இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா. ஐப்பசி பிறந்தால் இரவெல்லாம் இழுப்பு.

2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததையும், அதற்கு முந்தைய மாதம் அமெரிக்கக் கறவை மாடுகளில் அதே எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டதையும் படித்ததிலிருந்து எனக்கு அச்சம் நீங்கவில்லை. அது மனிதரிடையே பரவத் தொடங்கினால், இந்த அறையில் உறங்கும் அம்மாவின் நுரையீரல் தாங்குமா? அப்போது சன்னலை அடைத்து வைப்பதா, திறந்து வைப்பதா? இன்ஹேலர் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா தாமாகவே அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். அது சரியா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

முதலில் இன்ஹேலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். மருத்துவர் சொன்ன அளவுக்கு இன்றைக்கே அம்மாவைத் திரும்பச் சொல்லுங்கள். தினமும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைக்கிறது. அதைக் குறைத்தால் வீக்கம் மெல்லத் திரும்பும், அதன்மேல் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலே பெரிய இழுப்பாக முடியும். உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்கத் தவறக் கூடாது. தவறினால் வாய்க்குள் வெண்படலம் படியும், அதுவும் ஒருவகைப் பூஞ்சைதான்.

வீட்டுப் பூஞ்சணத்தால் ஃப்ளூ வராது; அதற்கு வைரஸ் வேண்டும். ஆனால் ஓதம் பிடித்த வீட்டில் வாழ்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சுத் தொற்று ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பூஞ்சை வித்துகள் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயை ஓயாமல் உறுத்திக்கொண்டிருக்கும். ஃப்ளூ வைரஸோ அந்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களிலேயே பெருகி, சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிழைகளை உதிர்த்துவிடும். காவல் இல்லாத வாசல் போலாகிவிடும் அந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து நிமோனியாவாக மாறுகிறது. 1918 பெருந்தொற்றில் மாண்டவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் நேர்ந்தது.

2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியில் இருந்தேன். கிண்டி கிங் நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில், ஆஸ்துமா உள்ளவர்கள் எவ்வளவு விரைவாக மோசமடைவார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்: பெருந்தொற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியும், பாக்டீரியா நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் அம்மாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாக வரும் ஃப்ளூவிலிருந்து காக்கும். காய்ச்சலோடு மூச்சுத் திணறல் தொடங்கினால் உடனே அழைத்துச் செல்லுங்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையை, காய்ச்சல் கண்ட முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும்.

சன்னலைத் திறந்தே வையுங்கள். அடைத்த அறையில் வைரஸும் தங்கும், ஈரமும் தங்கும். சாரல் அடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தை மூடினால் போதும்.

மேடவாக்கம் வாசகர் எழுதியது:

எங்கள் வீட்டில் மாலைதோறும் சாம்பிராணியுடன் வேப்பிலையும் போட்டுப் புகை காட்டுவோம். பூஞ்சணத்துக்கும் கிருமிக்கும் அதைவிட எளிய வழி இல்லை என்பது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஐயா, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள். ஆயினும் சுவருக்குள் வேரோடிய பூஞ்சை புகையால் அழியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு எந்தப் புகையும் ஆகாது. கொசுவத்திச் சுருளையும் அந்த அறையில் கொளுத்த வேண்டாம்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

சகோதரி, பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவரே நீரை இழுக்கிறது. அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத பழைய வீடுகளில் செங்கல் மண்ணின் நீரை உறிஞ்சி மேலேற்றும். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதன்மேல் பட்டி பார்த்து விலையுயர்ந்த பெயின்ட் அடிப்பது வீண்செலவு. அடுத்த மழைக்கு மறுபடி உப்பும்.

சுத்தம் செய்யும் நாளில் அம்மா வீட்டில் இருக்கக் கூடாது. உலர்ந்த சுவரைச் சுரண்டினால் வித்துகள் பறந்து வீடெங்கும் படியும் என்பதால், சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணியட்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு பூஞ்சணத்தைவிடப் பன்மடங்கு கொடியது. பூஞ்சணம் ஏறிய இலவம்பஞ்சு மெத்தையைக் காயவைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம், அப்புறப்படுத்துங்கள்.

கறுப்பாக இருப்பதால் அது நச்சுப் பூஞ்சை என்று அஞ்சிப் பரிசோதனைக்குச் செலவிடவும் தேவையில்லை. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்கசிவுக்குக் கரும்பூஞ்சையே காரணம் என்று பெரும் பேச்சு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. எந்த நிறமாயினும் அகற்ற வேண்டியதுதான்.

முடிச்சூர் மகள் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அம்மா இன்ஹேலரைப் பழைய அளவுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். பாலித்தீன் தாளை இரண்டு இடங்களில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டிலும் சுவர்ப்பக்கம் ஈரம் இருந்தது, குளியலறையை ஒட்டிய மூலையில் மிக அதிகம். பிளம்பர் டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது உள்ளே குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் எல்லாப் பழியையும் வெள்ளத்தின் மேலேயே போட்டுவிட்டோமே என்று வருந்துகிறேன். அம்மாவைக் குரோம்பேட்டையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பூச்சைப் பெயர்த்துவிட்டோம். சனிக்கிழமை மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி பற்றிக் கேட்கிறோம். சுவரை எத்தனை நாள் உலர விடவேண்டும்?

கட்டடப் பொறியாளர் எழுதியது:

கசிவு நின்றாலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சில வாரங்களில் காயாது. பங்குனி வெயில் முடியும்வரை பெயின்ட் எதுவும் அடிக்க வேண்டாம். அம்மா திரும்பி வந்தால் அதுவரை கூடத்தில் படுக்கட்டும். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளியே வையுங்கள்.